அம்மாவின் இரத்த ரிப்போர்ட்: கொழுப்பு கூடினால் செங்குழியம் கெடுமா?

தலவாக்கலை மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 54 வயது. போன வருஷம் வரை மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தவர். சீனி வருத்தம் இருக்கிறது, கிளினிக்கில் குளிசை எடுக்கிறார். இப்போது லயத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பின்னேரம் ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து விடுகிறார்.

டொக்டர் எழுதித் தந்த டெஸ்டுகளை டவுனில் செய்தோம். முக்கியமான எண்கள் இவை:

மொத்தக் கொலஸ்ட்ரோல் 318, ட்ரைகிளிசரைட் 2,140, எச்.டீ.எல். 29. எல்.டீ.எல். கணக்கிட முடியவில்லை என்று போட்டிருக்கிறார்கள்.
ஈமோகுளோபின் 12.2, செங்குழிய எண்ணிக்கை 4.34, எம்.சீ.வீ. 76, எச்.சீ.டீ. 33, எம்.சீ.எச்.சீ. 37.

அடியில் 'சீரம் பால்போல் கலங்கியிருந்தது' என்று ஒரு குறிப்பு. பிளட் பிக்சரில் 'சில டார்கெட் செல்கள்' என்று இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணா சொல்கிறார், கொழுப்பு செங்குழியத்தின் தோலில் படிந்து அதைக் கெடுத்துவிடும், களைப்பு அதனால்தான் என்று. உண்மையா? கிளினிக் நாளைக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. அதுவரை காத்திருக்கலாமா?

மஸ்கெலியா வாசகன்

எனக்கும் கொலஸ்ட்ரோல் 260 வரை போனது, களைப்பு என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த அண்ணா சொல்வதை நானும் படித்திருக்கிறேன். கொழுப்பு கூடினால் செங்குழியம் விறைத்துப்போகும், ஒட்சிசன் சரியாகப் போகாது என்று. எண்ணெயை முழுக்க நிறுத்துங்கள்.

நுண்ணோக்கி

தங்கச்சி, நான் பதுளைப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். களைப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த 2,140. ட்ரைகிளிசரைட் ஆயிரத்தைத் தாண்டினால் கணையத்தில் திடீர் அழற்சி வரும் ஆபத்து இருக்கிறது. ஆகவே இரண்டு கிழமை காத்திருக்க வேண்டாம். இந்த ரிப்போர்ட்டை நாளைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். மேல் வயிற்றில் கடுமையாக வலித்து முதுகுப் பக்கம் இழுத்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இரண்டாவது, அந்த ஈமோகுளோபின் 12.2 ஐ நான் நம்ப மாட்டேன். மெஷின் செங்குழியங்களை உடைத்து, கரைசலுக்குள் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறைகிறது என்று பார்த்துத்தான் ஈமோகுளோபினைச் சொல்கிறது. பிளாஸ்மா பால்போல் இருந்தால் கொழுப்புத் துளிகளும் ஒளியைச் சிதறடிக்கும். மெஷின் அதையும் ஈமோகுளோபின் என்றே கணக்கில் சேர்த்துவிடும்.

உங்கள் ரிப்போர்ட்டிலேயே தடயம் இருக்கிறது. எம்.சீ.வீ. 76, அதாவது கலங்கள் வழமையை விடச் சிறியவை. அப்படிச் சிறுத்த கலங்களில் எம்.சீ.எச்.சீ., அதாவது கலத்துக்குள் ஈமோகுளோபினின் செறிவு, சாதாரணமாகவோ குறைவாகவோ இருப்பதுதான் வழக்கம். இங்கே 37. பிறவியிலேயே செங்குழியம் உருண்டையாக இருக்கும் ஒரு நோயில் அது உயரும், குளிரில் செங்குழியங்கள் ஒட்டிக்கொள்ளும் சில நிலைகளிலும் உயரும். ஆனால் கலங்கிய சீரம் என்று அவர்களே எழுதியிருக்கும்போது முதல் சந்தேகம் கொழுப்பின் மேல்தான்.

எச்.சீ.டீ., அதாவது இரத்தத்தில் செங்குழியங்கள் பிடிக்கும் பங்கு, 33. அது அப்படிக் கெடாது. கலங்களை எண்ணி, பருமனை அளந்து வருவது அது. அதை மூன்றால் வகுத்துப் பாருங்கள், 11. கலங்கள் சிறுத்திருப்பதால் உண்மையான அளவு அதற்கும் கீழே இருக்கலாம். பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே குருதிச்சோகை. ரிப்போர்ட்டில் அது மறைந்து கிடக்கிறது.

தலவாக்கலை மகள்

அண்ணா, கை நடுங்குகிறது. 12.2 நல்ல அளவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காலையில் முதல் வேலை இதுதான். இன்னொன்று, இரத்தம் கொடுத்த அன்று விடியற்காலை பால் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். அதனால் கூடியிருக்குமா?

நுண்ணோக்கி

கொஞ்சம் கூட்டியிருக்கும். ஆனால் ஒரு பால் தேத்தண்ணியால் மட்டும் 2,140 வராது. திரும்பச் செய்யும்போது 12 மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வேண்டாம். சாயத்தண்ணியில் சீனி போட்டிருந்தால் அதுவும் சாப்பாடுதான். 'பிளாஸ்மாவை மாற்றிப்போட்டு ஈமோகுளோபின் பாருங்கள்' என்று அங்கே கேளுங்கள். இரத்தத்தைச் சுழற்றி, மேலே நிற்கும் கலங்கலை எடுத்துவிட்டு, அதே அளவு உப்புநீர் ஊற்றித் திரும்ப ஓட்டுவார்கள். பெரிய வேலை இல்லை. கேட்டால் செய்து தருவார்கள்.

பண்டாரவளை டீச்சர்

உயர்தரத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். மகளே, நீ கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன், அது நல்ல கேள்வி.

முதிர்ந்த செங்குழியத்தில் கரு இல்லை, இழைமணி இல்லை. புதிதாகக் கொழுப்பு எதையும் செய்துகொள்ள அதற்கு வழியே கிடையாது. ஏறத்தாழ 120 நாள் அது வாழ்கிறது. அந்தக் காலம் முழுவதும் தன் தோலான மென்சவ்வில் உள்ள கொலஸ்ட்ரோலைச் சுற்றியிருக்கும் பிளாஸ்மாவோடு கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே பிளாஸ்மா மாறினால் மென்சவ்வும் மாறும். அந்த மட்டில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் 'படிகிறது' என்று சொல்வது பொருந்தாது. மென்சவ்வு பொசுபோலிப்பிட்டு என்ற கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன இரண்டு அடுக்கு. கொலஸ்ட்ரோல் அவற்றுக்கு நடுவே செருகி நிற்கும், செங்குழியத்தில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில். செருகக்கூடியது எதோடும் பிணையாத சுயாதீனக் கொலஸ்ட்ரோல் மட்டும். பிளாஸ்மாவில் இருக்கும் கொலஸ்ட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொழுப்பமிலத்தோடு பிணைந்த எசுத்தர் வடிவம். அது இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதத் துணிக்கையின் உள்ளே கிடக்கும், மென்சவ்வுக்குள் வராது. ட்ரைகிளிசரைட்டும் அப்படித்தான். ஆக, அம்மாவின் ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் அந்த 2,140 நேராகச் செங்குழியத்தின் தோலில் போய் உட்காருவதில்லை.

சுயாதீனக் கொலஸ்ட்ரோல் மென்சவ்வில் கூடினால் அதன் இளக்கம் குறையும். நானுஓயாவில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இறுகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவுக்கு இறுகாது, ஆனால் போகும் திசை அதுதான். இளக்கம் ஏன் வேண்டும்? செங்குழியத்தின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீற்றர். அதைவிடக் குறுகிய மயிர்த்துளைக்குழாய்களில் மடிந்து மடிந்து போக வேண்டும். மண்ணீரலில் இன்னும் கஷ்டம். அங்கே ஒரு மைக்ரோமீற்றர் அளவே அகலமான பிளவுகளுக்குள்ளால் நுழைந்து வெளியே வர வேண்டும். வளைய முடியாத கலம் அங்கே சிக்கி அழியும்.

மஸ்கெலியா வாசகன்

அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே டீச்சர்? கொலஸ்ட்ரோல் கூடினால் கலம் விறைக்கும், மண்ணீரல் அழிக்கும், சோகை வரும், களைப்பு வரும்.

பண்டாரவளை டீச்சர்

தம்பி, முதல் படி சரி. கொலஸ்ட்ரோல் கூடியவர்களின் செங்குழியத்தை எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளில் மென்சவ்வுக் கொலஸ்ட்ரோல் கொஞ்சம் கூடியிருந்தது, வளையும் தன்மை கொஞ்சம் குறைந்திருந்தது. சோகைக்குத் தாவும் அடுத்த படிதான் நிற்காது. 260, 300 என்று கொலஸ்ட்ரோல் உள்ளவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அதனால் மட்டும் அவர்களுக்குச் செங்குழியம் அழிந்து சோகை வருவதில்லை. கூடிய கொலஸ்ட்ரோலில் பெரும் பங்கு எசுத்தராகவே துணிக்கைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

அந்த எசுத்தராக்கும் வேலையைப் பிளாஸ்மாவில் ஒரு நொதியம் செய்கிறது. எல்கேட் என்பார்கள். அதைச் செய்து அனுப்புவது ஈரல். ஈரல் கெட்டால் எல்கேட் குறையும், சுயாதீனக் கொலஸ்ட்ரோல் கூடும், அது செங்குழியத்துக்குள் ஏறும். ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரோல் சாதாரணமாக இருக்கும்போதே இது நடக்கலாம். செங்குழியத்தைப் பொறுத்தவரை மொத்த எண்ணைவிட ஈரலின் நிலைதான் முக்கியம். இதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன்.

வடிவமும் அதைப் பொறுத்துத்தான் மாறும். பித்தக்குழாய் அடைபட்ட மஞ்சள் காமாலையில் கொலஸ்ட்ரோலும் பொசுபோலிப்பிட்டும் சேர்ந்து கூடும். மென்சவ்வின் பரப்பு மிகுந்து, நடுவில் ஒரு புள்ளியோடு டார்கெட் செல் வரும். அது நன்றாகவே வளையும், இலகுவில் அழியாது. ஈரல் முற்றிச் சுருங்கிய சிலரில் கொலஸ்ட்ரோல் மட்டும் அளவுமீறிக் கூடும். அப்போது கலத்தில் ஒழுங்கில்லாத முட்கள் முளைக்கும். அந்த முட்கலங்கள்தான் விறைப்பு. மண்ணீரல் அவற்றைத்தான் பிடித்து அழிக்கிறது.

தலவாக்கலை மகள்

அப்போ அம்மாவின் டார்கெட் செல்? ஈரலா?

நுண்ணோக்கி

அவசரப்பட வேண்டாம் தங்கச்சி. சில டார்கெட் செல்கள் இரும்புச்சத்துக் குறைவிலும் வரும், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவிகளிலும் வரும். எம்.சீ.வீ. 76 என்றால் அந்த இரண்டும்தான் முன்னால் நிற்கின்றன. தலசீமியா நம் நாட்டில் அரிதில்லை. உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். அது சாதாரணமாக வந்தால் அடுத்து ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் டெஸ்ட். ஈரல் நொதியங்களையும் அதே இரத்தத்தில் பார்க்கலாம், அதை விட வேண்டாம்.

பழைய டிஸ்பென்சர்

தோட்ட டிஸ்பென்சரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டீச்சர் ஈரலைத் தொட்டதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் தோட்டங்களில் கசிப்பு என்ற கள்ளச்சாராயமும் கடைச் சாராயமும் எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி வருகிறவருக்குச் சோகையும் இருக்கும். 'இரத்தம் இல்லை, பீட்ரூட் குடுங்கள்' என்று வீட்டில் முடிவு செய்வார்கள். அந்தச் சோகையில் ஒரு பகுதி டீச்சர் சொன்ன முட்கலங்களால் வருவதாக இருக்கலாம். அந்த நிலை மிகவும் பாரதூரமானது. பீட்ரூட்டும் இரும்புக் குளிசையும் அதற்கு மருந்தல்ல.

இன்னொரு நிலை இருக்கிறது. அளவுமீறிக் குடித்து வந்தவருக்குத் திடீரென மஞ்சள் காமாலை, இரத்தத்தில் கொழுப்பு ஏற்றம், செங்குழிய அழிவு மூன்றும் ஒன்றாக வரும். 1958இல் சீவ் என்ற மருத்துவர் எழுதியதால் அவர் பெயரால் அழைக்கிறார்கள். குடியை நிறுத்தினால் பலரில் சில கிழமைகளில் தணியும். கொழுப்பும் செங்குழிய அழிவும் கைகோத்து வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ இப்படி யாரும் இருந்தால் சிறுநீர் கறுத்துப் போகிறதா, கண் மஞ்சளா என்று பாருங்கள். வெட்கப்பட்டு மறைக்காமல் கூட்டிப் போங்கள்.

மகளின் அம்மாவுக்கு வருகிறேன். மாதவிடாய் நின்றுவிட்டதா? நின்றிருந்தால், இரும்புக் குறைவு என்று வந்தால் குளிசையோடு விட்டுவிடக் கூடாது. இரத்தம் எங்கோ கசிகிறது என்று பொருளாக இருக்கலாம். கொக்கிப்புழு, வயிற்றுப்புண், மூட்டு வலிக்கு விழுங்கும் குளிசைகள், குடலில் கட்டி எதுவும் இருக்கலாம். மலப் பரிசோதனை அவசியம். கொழுந்து மலையில் வெறுங்காலோடு நின்ற காலத்துப் பெண்களில் கொக்கிப்புழு எவ்வளவு இருந்தது என்று நான் கண்ணால் பார்த்தவன்.

அப்புறம் தேத்தண்ணி. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். நாம் விளைவிக்கும் பொருள் என்பதற்காக நம் பெண்களிடம் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. ரொட்டி சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும். வல்லாரை, முருங்கையிலைச் சுண்டலில் தேசிக்காய் பிழியட்டும்.

தலவாக்கலை மகள்

(நாலு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. மறுநாளே காட்டினோம். டொக்டர் 2,140ஐப் பார்த்ததும் வார்டில் வைத்துக்கொண்டார். வெறும் வயிற்றுச் சீனி 268. சீனி கட்டுப்பாட்டில் இல்லாததால்தான் ட்ரைகிளிசரைட் இப்படி ஏறியது என்று சொல்லி இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள். நேற்று ட்ரைகிளிசரைட் 1,180.

பிளாஸ்மா மாற்றிப் பார்த்ததில் ஈமோகுளோபின் 10.7. பெரிட்டின் 8. ஈரல் டெஸ்டுகள் சாதாரணம். தைரொயிட்டும் சாதாரணம். டிஸ்பென்சர் ஐயா, மாதவிடாய் நின்று மூன்று வருஷம். முழங்கால் வலிக்கு பாமசியில் கேட்டு வாங்கிய குளிசை நெடுநாள் எடுத்திருக்கிறார். அதை இப்போதுதான் எங்களிடமே சொன்னார். மல டெஸ்டுக்கு எழுதியிருக்கிறார்கள், உள்ளே கமரா விட்டுக் குடலைப் பார்க்கவும் திகதி தருவார்களாம்.

நுண்ணோக்கி

10.7 ஐ 33 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் எம்.சீ.எச்.சீ. 32.4 வருகிறது. சிறுத்த கலத்தோடு பொருந்துகிறது. இதுதான் உண்மையான எண். தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். உயரத்தில் வாழ்பவர்களுக்கு ஈமோகுளோபின் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதால், அளந்த எண்ணிலிருந்து சிறிது கழித்துப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே அம்மாவின் சோகை 10.7 காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பீ.ஏ.1சீ. எடுத்தால் ஒரு விஷயம் கவனத்தில் இருக்கட்டும். இரும்புக் குறைவு அதைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும். செங்குழியம் சீக்கிரம் அழியும் நோய்களில் தாழ்த்திக் காட்டும். சோகை தீரும் வரை விரல் நுனிச் சீனியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மஸ்கெலியா வாசகன்

டீச்சர், அப்படியானால் என்னைப் போன்றவர்களுக்கு? செங்குழியத்தில் கொஞ்சம் கொலஸ்ட்ரோல் கூடினால் ஒன்றுமே இல்லையா? கொலஸ்ட்ரோல் குளிசையை விட்டுவிடலாமா?

பண்டாரவளை டீச்சர்

விடவே கூடாது தம்பி. நான் சொன்னது சோகையைப் பற்றி மட்டும். நாடிச் சுவரில் நடப்பது வேறு.

இதயக் குழாயில் கொழுப்புப் படலம் தடிக்கும்போது அதற்குள்ளேயே சிறு சிறு இரத்தக் கசிவுகள் ஏற்படும். கசிந்த செங்குழியங்கள் அங்கேயே சிதையும். அவற்றின் மென்சவ்வில் இருந்த கொலஸ்ட்ரோல் அந்தப் படலத்தின் உள்ளே சேர்ந்து, அதன் நடுப்பகுதியைப் பெரிதாக்கி, உடையும் நிலைக்குத் தள்ளும். செங்குழியத்துக்கே உரிய கிளைக்கோபோரின் என்ற புரதத்தின் தடங்களை அந்தப் படலங்களுக்குள் கண்டு 2003இல் இதை எழுதினார்கள். எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். ஒட்சிசன் சுமக்கும் கலம் என்று மட்டும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அது கொலஸ்ட்ரோலும் சுமக்கிறது.

கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாடின் குளிசை எடுத்தவர்களில் மென்சவ்வுக் கொலஸ்ட்ரோல் குறைந்ததாகக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் குளிசை தருவது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கத்தான். அதற்கான சான்று மிக உறுதியானது. எடுங்கள்.

சாப்பாட்டில் எண்ணெயை முழுக்க நிறுத்துங்கள் என்று முதலில் எழுதியிருந்தீர்கள். பிளாஸ்மா பால்போல் இருக்கும்வரை கொழுப்பைக் கடுமையாகக் குறைக்கத்தான் வேண்டும், வார்டில் அதைச் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு ட்ரைகிளிசரைட்டை ஏற்றுவதில் பெரும் பங்கு சீனிக்கும் கோதுமை மாவுக்கும் மதுவுக்கும் உண்டு. மூன்று வேளையும் மாவு ரொட்டி, நாளெல்லாம் சீனி போட்ட தேத்தண்ணி என்று இருந்தால் கறியில் எண்ணெய் குறைத்து மட்டும் பயனில்லை.

மீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் செங்குழிய மென்சவ்வின் பொசுபோலிப்பிட்டிலேயே இடம்பிடிக்கும். கடந்த சில மாதங்களில் ஒருவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று செங்குழியத்தை வைத்தே சொல்ல முடிவது அதனால்தான். மலையில் பச்சை மீன் கிடைப்பது கஷ்டம், ஆனால் டின் மீன் இருக்கிறது. நெத்தலிக் கருவாட்டைச் சுடுதண்ணியில் ஊறவைத்து உப்பைக் கழுவிச் சமைக்கலாம்.

தலவாக்கலை மகள்

டீச்சர், பக்கத்து வீட்டு அண்ணாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். அவருக்கும் சீனி இருக்கிறது, கொழுப்பு டெஸ்ட் எடுத்ததே இல்லையாம். அம்மாவை இரும்புக் குளிசையோடு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது என்பது புரிந்துவிட்டது. மல ரிப்போர்ட்டும் கமராத் திகதியும் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

பழைய டிஸ்பென்சர்

எழுதுங்கள் மகளே. இரும்புக் குளிசையில் மலம் கறுக்கும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் கமரா பார்ப்பதற்கு எத்தனை நாள் முன்னால் அதை நிறுத்த வேண்டும் என்று திகதி தரும்போதே கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். தார் போல ஒட்டிக்கொண்டு நாற்றத்தோடு போனால் அது குளிசையால் அல்ல, இரத்தம். உடனே போங்கள். முழங்கால் குளிசை ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது. வலிக்கு வேறு என்ன எடுக்கலாம் என்று வார்டை விட்டு வெளியே வருமுன் கேளுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியை அடுத்த கிளினிக்குக்கு உங்களோடேயே கூட்டிப் போங்கள். முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.